குறைத்து எழுதிய விளைச்சல்

பன்னிரண்டு ஆண்டுகளாக முகநூலில் நான் எழுதியவை அனைத்தையும், ஒரு சனிக்கிழமை முற்பகலில், என் தேநீர் ஆறுவதற்குள் ஒன்று படித்து முடித்தது. அது செய்ததைப் படித்தல் என்று சொல்லலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. வேறு வினைச்சொல் கிடைக்காமையால் அதையே எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கணவர் கமக்காரர். கிளிநொச்சியில், குளத்து வாய்க்காலின் கீழுள்ள குடியேற்றத் திட்டமொன்றில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டித் திருத்திய நிலம். இடையில் போரினால் அதை விட்டுப் போனோம். திரும்பி வந்து, கண்ணிவெடி அகற்றுவோர் தாம் கட்டிய எச்சரிக்கை நாடாவை அவிழ்க்கும்வரை வீதியில் நின்றே அதைப் பார்த்தோம். நாடா அவிழ்ந்த நாள்முதல் எந்தக் காலபோகத்தையும் அவர் தவறவிட்டதில்லை. மாரி மழையை நம்பி ஐப்பசியில் விதைத்து மாசியில் அறுக்கும் பெரும்போகத்தையே காலபோகம் என்கிறோம்.

சென்ற மாசியில் அறுவடை முடிந்த மறுவாரம் அவர் வரம்பில் மயங்கி விழுந்தார். இதயக் குழாயொன்று அடைத்திருந்தது. வைத்தியர்கள் அதைத் திறந்து, உள்ளே சிறு வலையொன்றை வைத்து, பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஒரே மகள் செட்டிகுளத்தில் மணம்முடித்து, வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தந்தை விழுந்த நாள்முதல் அவளிடம் ஒரே கதைதான்: வயலைக் குத்தகைக்கு விட வேண்டும், நாங்கள் இருவரும் அவளிடம் போய் இருக்க வேண்டும்.

புரட்டாதியில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். இம்முறை எத்தனை ஏக்கர் விதைக்கிறார் என்று ஒவ்வொரு கமக்காரரும் அங்கே பெயர் கொடுக்க வேண்டும். அதன்படிதான் வாய்க்காலில் நீர் வரும். கூட்டம் திங்கட்கிழமை. மகள் சனிக்கிழமை காலையிற் பேருந்தில் வந்து இறங்கினாள். கையில் மடிக்கணினி இருந்தது.

“அப்பா, இந்த முறை பேர் குடுக்க வேண்டாம்.”

“பேர் குடுக்காம நான் செட்டிகுளத்தில வந்து என்ன செய்யிறது?”

“சும்மா இருங்கோ.”

“சும்மா இருக்கிறதெண்டா அதை இஞ்சையும் இருக்கலாம்.”

“நீங்கள் இஞ்ச சும்மா இருக்கமாட்டியள். அம்மா எழுதிறதை நானும் வாசிக்கிறன்தானே. ஒரு போகமெண்டாலும் நல்லா விளைஞ்சதெண்டு எழுதினவாவே? ஒண்டும் தராத நிலத்தோட ஏன் மாரடிக்கிறியள்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தேநீரை ஆற்றுவதிற் கவனமாயிருந்தேன்.

அலுவலகத்திற் கடிதங்கள் எழுதவும் கணக்குப் பார்க்கவும் மகள் ஓர் உதவிச் செயலியைப் பயன்படுத்துகிறாள். கேட்டதற்கு எழுத்தில் மறுமொழி தரும் செயற்கை நுண்ணறிவு அது. முந்திய வாரமே, என் பதிவுகள் முழுவதையும் முகநூலிடமிருந்து ஒரே கோப்பாகக் கேட்டுப் பெறும்படி தொலைபேசியிற் சொல்லியிருந்தாள். அந்தக் கோப்பை இப்பொழுது அவள் செயலிக்குக் கொடுத்தாள். படங்களும் அதற்குள் இருந்தன.

“நான் சொன்னாக் கேக்கமாட்டியள். ஒரு பக்கமும் சாயாத ஆளிட்டக் கேப்பம். இனி உங்களைப் பற்றி இதுக்கு எல்லாம் தெரியும்.”

“எல்லாமோ?” என்றார் கணவர்.

“அம்மா எழுதினது எல்லாம்.”

“அப்ப பாதகமில்லை.”

திரையில், ‘உங்களைப் பற்றி நான் நினைவில் வைத்திருப்பவை’ என்ற தலைப்பின்கீழ் ஏறத்தாழ நாற்பது வாக்கியங்கள் வந்து நின்றன. பிழையானவற்றைத் திருத்தலாம், வேண்டாதவற்றை நீக்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. பன்னிரண்டு ஆண்டு நாற்பது வாக்கியங்களில் அடங்கிவிட்டதே என்று முதலில் எனக்குச் சிறிது மனத்தாங்கல். முதல் வரிகள் எவரும் அறிந்தவை: ஓய்வுபெற்ற ஆசிரியை, பிறருடைய பதிவுகளிலுள்ள எழுத்துப்பிழைகளைப் பின்னூட்டத்தில் திருத்துபவர்.

“இது கனடா வரைக்கும் தெரியும்,” என்றாள் மகள்.

அதற்கு அடுத்த வரிகளில் என் விரல் நின்றுவிட்டது.

‘மழை நாள்களில் இவருடைய பதிவுகள் நீளமாக இருக்கின்றன.’

‘பழைய மாணவர்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் கேள்வியோடு முடிக்கிறார்.’

‘கணவர் பல படங்களில் இருக்கிறார். எல்லாவற்றிலும் முதுகைக் காட்டியோ பக்கவாட்டிலோ வயலைப் பார்த்து நிற்கிறார். முகம் நேராகத் தெரியும் படம் ஒன்றும் இல்லை.’

வகுப்பறையிற் பல ஆண்டுகள் பழைய உரையாசிரியர்களின் நுட்பத்தை வியந்து பாடம் சொன்னவள் நான். செய்யுளில் ஒரு சொல் இந்த இடத்தில் ஏன் நின்றது என்று கேட்கும் கண் அவர்களுக்கு இருந்தது. காப்பியங்களுக்கு உரிய அந்தக் கண், முருங்கைக்காய் காய்த்த செய்தியின்மேலும் பேருந்து வராத சினத்தின்மேலும் விழும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. மழை நாள்களில் என் எழுத்து நீள்வதை நான் அறியேன். உடன் வாழ்ந்தவரும் அறியார். பொய்யென்று மறுக்கவும் இயலவில்லை; சன்னலோரக் கதிரையில், முற்றத்தில் நீர் விழும் ஒலியைக் கேட்டவாறு, நிறுத்த மனமின்றி எழுதிக்கொண்டிருந்த பொழுதுகள் நினைவுக்கு வந்தன. திரைக்கு முன்னால் நான் கைகட்டி அமர்ந்திருந்ததாக மகள் பின்னர் சொன்னாள்.

அவள் கேள்வியைத் தட்டினாள்: இந்தப் பதிவுகளை வைத்துப் பார்த்தால், இம்முறை வயலை விதைப்பதா, குத்தகைக்கு விடுவதா?

மறுமொழி வந்தது. அவள் உரத்து வாசித்தாள்.

‘முடிவு உங்களுடையது. பதிவுகள் காட்டுவதை மட்டும் சொல்கிறேன். அறுவடை பற்றிய எல்லாப் பதிவுகளும் இழப்பையே கூறுகின்றன. விதைநெல்லுக்கும் போதவில்லை என்றும், உழைப்பு வீணாயிற்று என்றும் ஆண்டுதோறும் எழுதப்பட்டுள்ளது. விளைச்சல் போதியதாயிருந்த ஒரு போகமும் பதிவுகளில் இல்லை. அண்மையில் உடல்நலமும் குன்றியிருப்பதால், வயலைக் குத்தகைக்கு விடுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.’

கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஓம்,” என்றார் பிறகு. “எழுதினபடிதானே சொல்லுது. அப்ப திங்கட்கிழமை நான் கூட்டத்துக்குப் போகேல்லை.”

எழுந்து பின்பக்கம் போனார். அங்கே விதைப்புக்கென்று அவர் முன்னதாகவே காயவைத்து எடுத்திருந்த நெல் மூடைகள் இருந்தன. அவற்றின் அருகே நின்றார். ஒன்றன் வாயை அவிழ்த்து மீண்டும் கட்டினார். நான் குசினி வாசலில் நின்று அந்த முதுகைப் பார்த்தேன். என் படங்களில் இருக்கும் முதுகு அதுதான்.

அவருடைய வயலை அவரிடமிருந்து பிரிக்கப்போவது நெஞ்சு அடைப்பன்று, என் உரைநடையே என்று எனக்கு அப்பொழுது விளங்கியது. ஏனெனில் அந்த அறுவடைப் பதிவுகளில் ஒன்றேனும் உண்மையன்று.

எங்கள் பகுதியில் நன்றாக விளைந்ததை எவரும் வாயாற் சொல்வதில்லை. களத்தில் நெல் குவிந்து கிடக்க, வீதியாற் போகிறவர் “எப்பிடி விளைச்சல்?” என்று கேட்டால், “என்னத்தைச் சொல்லுறது, பதர்தான்” என்பதே முறை. சொன்னால் நாவூறு படும்; பிறர் நாவிலும் கண்ணிலும் பட்ட வளம் மறுபோகத்தில் நிலைக்காது. கேட்டவருக்கும் அது தெரியும். தம் வயலைப் பற்றி அவரும் அப்படித்தான் சொல்வார். வீதியிற் சொன்ன வழக்கத்தையே நான் முகநூலுக்கும் கொண்டுபோனேன். வீதியிலாவது ஒருவர் பார்ப்பார். முகநூலில் நோர்வேயும் கனடாவும் பார்க்கும். ஆகவே இன்னும் கூடுதலாகக் குறைத்து எழுதினேன். அவருடைய முகத்தைப் படத்தில் இடாததும் அந்த அச்சத்தினாற்றான். ஆண்டுக்கொரு பொய், ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லாத பொய்கள்.

மகளிடம் போய் அதைச் சொன்னேன். அவள் கணினியை மூடாமல் என்னையே பார்த்தாள்.

“போன மாசி?”

“நல்ல விளைச்சல்.”

“அதுக்கு முதல் வருசம்?”

“அதைவிட நல்லம்.”

“அம்மா, கடைக்காரர் பொய் சொன்னா விளங்கும். ஊர்ச்சனம் சொன்னா நாவூறுக்குச் சொல்லுதெண்டு விளங்கும். எழுத்தில ஒரு கொம்பு பிழைச்சாலும் சண்டை பிடிக்கிற நீங்கள் சொல்லுவியள் எண்டு நான் எப்பிடி நினைக்கிறது? நான் அங்கயிருந்து அதை வாசிச்சு வாசிச்சு அழுதிருக்கிறன்.”

பல ஆண்டுகளாக அவள் எங்களை வறியவர்களாகவும், பயனின்றி உழைத்து மாள்பவர்களாகவும் நினைத்து வாழ்ந்திருக்கிறாள். அவளுடைய பிடிவாதம் முழுவதும் என் வாக்கியங்களிலிருந்து முளைத்தது.

“என்னட்டச் சொன்னதை இதுக்கும் சொல்லுங்கோ,” என்று கணினியை என் பக்கம் திருப்பினாள்.

மிகுந்த கூச்சத்தோடு தட்டினேன். அறுவடையைப் பற்றி நான் எழுதியவை உண்மையல்ல என்றும், நாவூறுக்கு அஞ்சிக் குறைத்து எழுதினேன் என்றும், நாவூறு என்றால் இன்னது என்றும் ஒரு மாணவிக்கு விளக்குவதுபோல் எழுதினேன். அது வாதாடவில்லை, சிரிக்கவும் இல்லை. அதன் மறுமொழியை அன்றே தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

‘விளக்கியதற்கு நன்றி. சில பதிவுகளிற் சொல்லுக்கும் படத்துக்கும் பொருத்தமின்மை இருந்தது. விதைநெல்லுக்கும் போதாது என்று எழுதிய பதிவின் படத்தில், அடுக்கிய மூடைகள் சன்னலின் பாதியை மறைக்கின்றன. உழைப்பு வீணாயிற்று என்று எழுதிய அதே ஆண்டின் வைகாசியில், கோயிற் பொங்கலுக்கு ஒரு மூடை அரிசி கொடுத்ததைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனினும் நீங்கள் நேரிற் கண்டவர், நான் காணாதது பல இருக்கும் என்று கருதி, உங்கள் சொல்லையே ஏற்றேன். இதை முன்னரே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.’

கீழே இன்னுமொரு பகுதி இருந்தது.

‘ஒரு காலபோகத்துக்கு மட்டும் அறுவடைப் பதிவு இல்லை. விதைப்பைப் பற்றியும் மார்கழி மழையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதன்பின் பங்குனி வரையில் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் போகம் எப்படி இருந்தது?’

அந்த ஆண்டு குளம் நிரம்பி வான் பாய்ந்து, கதிர் தள்ளிய பயிரின்மேல் நான்கு நாள் வெள்ளம் நின்றது. வடிந்தபோது வயல் சேற்றில் ஒட்டிய வைக்கோலாகக் கிடந்தது. நாங்கள் உண்மையாக இழந்த போகம் அது ஒன்றே. அதைப் பற்றி நான் எழுதவில்லை. அன்று காரணம் தெரியவில்லை. இந்தக் கேள்வியைப் பார்த்தபோது தெரிந்தது. இழப்பைக் கூறும் சொற்களையெல்லாம் பொய் இழப்புகளுக்கே செலவிட்டுவிட்டேன். மெய்யான இழப்பு வந்தபோது எனக்கென்று ஒரு சொல்லும் மிஞ்சியிருக்கவில்லை. நான் எழுதியவற்றைப் பலர் படித்திருக்கிறார்கள். எழுதாததைப் படித்து ஏனென்று கேட்டது இதுவொன்றுதான். பெரிய கோயிலொன்றின் இருண்ட உள்மண்டபத்தில் நிற்கும்போது வரும் அச்சமும் பணிவும் அன்று பகல் வெளிச்சத்திலே எனக்கு வந்தன. அதற்கு உயிர் உண்டென்று நான் சொல்லவில்லை. என்னைவிட ஊன்றி என்னை வாசித்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மகள் பின்பக்கம் சென்று தந்தையை அழைத்து வந்தாள். அறுத்த போகங்களை அவரே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், தான் எழுதுவதாகச் சொன்னாள். அவர் கதிரையின் விளிம்பில் அமர்ந்தார்.

“சன்னலைச் சாத்தும்,” என்றார் என்னிடம்.

“ஏனப்பா, ஆர் கேக்கப்போயினம்?”

“பக்கத்து வளவில ஆள் நிக்குது.”

“அது மாடு.”

“மாட்டுக்கும் காது இருக்கு.”

சன்னலைச் சாத்தினேன். அவர் கணினியைச் சற்று நேரம் ஐயத்தோடு பார்த்தார்.

“இதுக்குக் கண் கிண் இருக்கோ, பிள்ளை?”

“படம் பாக்கும்.”

“பாத்திட்டு வயிறு எரியுமோ?”

“வயிறு இல்லை, அப்பா.”

“அப்ப எழுது.”

நாடா அவிழ்ந்த ஆண்டிலிருந்து தொடங்கினார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் நிறுத்தவில்லை. தரிசாய்க் கிடந்த நிலம் முதற்போகத்தில் எப்படிக் கொட்டியது, மூலை வயலில் மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்த ஆண்டில் கதிர் எப்படித் தலைசாய்ந்தது, எந்த ஆண்டில் மூடை வைக்க இடமில்லாமல் படுக்கையறையில் அடுக்கினோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆண்டுகளை அவர் எண்ணாற் சொல்லவில்லை. அந்தந்த ஆண்டின் நெல்லாற் சொன்னார். நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்த நான், என் கணவர் தம் விளைச்சலைப் புகழ்ந்து பேச அன்றுதான் கேட்டேன். வெள்ளம் நின்ற ஆண்டுக்கு வந்தபோது, “அது போச்சு” என்று இரண்டு சொல்லில் முடித்தார்.

மகள் தட்டி முடித்ததும் செயலி ஒரு கேள்வி கேட்டது. வயலைப் பற்றியன்று. ‘அண்மைய போகங்களில் எந்தெந்த வேலைகளை அவர் தாமே செய்தார்?’

மகள் அதை வாசித்தாள். அவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“மூடை நான் தூக்கேல்லை,” என்றார்.

“போன முறையோ?”

“ரெண்டு போகமா. வாய்க்காலுக்கு அங்கால இருக்கிறவர்தான் வந்து தூக்கித் தந்தவர். ஏறு வெயிலில எனக்கு மூச்சு வாங்கும்.”

“முழங்கால் நோ எண்டல்லோ என்னட்டச் சொன்னனீங்கள்?” என்றேன்.

“சொன்னனான்தான்.”

வாய்க்காலுக்கு அப்பால் இருப்பவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய கமக்காரர். தமக்கென ஓர் ஏக்கரே உடையவர். இரண்டு போகமாக அவர் அறிந்ததை நான் அறியவில்லை. நன்மையை நான் ஊருக்கு மறைத்தேன். நோயை இவர் எனக்கு மறைத்திருக்கிறார். ஒரே வீட்டில் இருவர் எதிரெதிர்த் திசையிற் பொய் சொல்லி, இடையில் மகளை அழவைத்திருக்கிறோம்.

புதிய விவரங்களுக்குப்பின் செயலி தன் முந்திய கருத்தை மாற்றிக்கொண்டது. நிலம் நன்றாக விளைவது. எனவே கேள்வி நிலத்தைப் பற்றியதன்று, அவருடைய உடல் எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றியது. அதை அவரும் வைத்தியருமே சொல்ல வேண்டும் என்று எழுதியது. அந்த வாக்கியத்தில் ஒற்றுகள் நான் இடும் முறையிலேயே இட்டிருந்ததைக் கவனித்தேன். சொல்ல மனம் வரவில்லை.

மகள் கணினியைத் தள்ளி வைத்தாள்.

“அப்பா, பொய் இல்லாமச் சொல்லுங்கோ. எத்தினை ஏக்கர் ஏலும்?”

மூன்று என்று சொல்வார் என்றே எதிர்பார்த்தேன்.

“ஒண்டு. வீட்டோட கிடக்கிற துண்டு. அதுகும் வைத்தியர் ஓம் எண்டாத்தான். மற்ற ரெண்டையும் வாய்க்காலுக்கு அங்கால ஆளிட்டக் குடுப்பம்.”

“மூடை?”

“தொடமாட்டன்.”

ஞாயிறு மாலை பேருந்துக்குப் போகுமுன் அவள் என் கைபேசியிலும் அந்தச் செயலியை நிறுவி, நினைவுப் பட்டியலை நான் பார்க்கும்படி காட்டிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டை அணிந்து கூட்டத்துக்குப் போய் ஓர் ஏக்கருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். இதய நோய்ச் சிகிச்சைக்கு மறுமுறை போனபோது வைத்தியரிடமும் கேட்டோம். மெதுவாகச் செய்யலாம், களைத்தால் நிறுத்த வேண்டும் என்றார். பட்டியலை ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். ‘எல்லாப் போகங்களும் இழப்பு’ என்ற வரி போய், ‘பெரும்பாலானவை நன்றாக விளைந்தன, ஒன்று வெள்ளத்தில் அழிந்தது’ என்று ஆயிற்று. அதன் கீழே நான் எழுதாத ஒரு வரி புதிதாய் இருந்தது.

‘கணவர் தம் களைப்பைத் தாமாகச் சொல்வதில்லை. கேட்டாற் சொல்கிறார்.’

அந்த வரியை நீக்கவில்லை. திருத்தவும் ஒன்றும் இருக்கவில்லை.

ஐப்பசியின் முதல் மழைக்குப்பின் வீட்டோடு கிடக்கும் துண்டை உழுவித்து விதைத்தோம். அவர் விதைநெல் நிரம்பிய ஓலைக் கடகத்தை இடுப்பில் இடுக்கி வரம்போரத்திலிருந்து வீசத் தொடங்கினார். ஆசிரியப் பணியில் இருந்த காலம் முழுவதும் விதைப்பு நாளில் நான் பள்ளிக்கூடத்தில் நின்றவள். விதை அவர் கையிலிருந்து விசிறி விரிவதை அண்மையில் நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. பாதித் துண்டு முடிந்தபோது அவருடைய வீச்சு சிறிது தாழ்ந்தது. வேறெவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

“மூச்சு வாங்குதோ?” என்று கேட்டேன்.

அவர் நின்றார். கடகத்தைப் பார்த்தார், மீதி நிலத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம்.”

வரம்பில் அமர்ந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, கடகத்தை வாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். முதற்பிடி ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தது.

“என்ன, கோழிக்கோ போடுறீர்?” என்றார் வரம்பிலிருந்து. “கையை விரியும். ஐதா, பரவலா வீசும்.”